லைனோடைப்பில் எழுத்து திரும்பும் வழி: ஒரு மாதிரி செய்த பதிவு

எழுத்துக் கோர்க்கும் இயந்திரம் என்றதும் எல்லோர் கண்ணும் கீபோர்டின் மேல்தான் போகும். சாவியைத் தட்டினால் எழுத்து வந்து விழுகிறது, அதுதான் வித்தை என்று தோன்றும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகை அச்சகங்களை வருடக்கணக்கில் வாட்டிய சிக்கல் வேறு. விழுந்த எழுத்து, வேலை முடிந்த பிறகு, ஆயிரக்கணக்கான எழுத்துகளோடு கலந்து கிடக்கும்போது, தன் அறைக்கு எப்படித் திரும்பிப் போகும்?

ஓட்மார் மெர்கென்தாலர், லைனோடைப் என்ற தன் எழுத்துக் கோர்க்கும் இயந்திரத்தில் இதற்கு ஒரு விடை கண்டார். மின்சாரம் வேண்டாம், யாரும் எழுத்தைப் பார்த்துப் படிக்கவும் வேண்டாம், பித்தளைப் பல்லும் புவியீர்ப்பும் போதும். படத்தில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது முழுசாகப் பிடிபடவில்லை. அதனால் அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கி ஒரு மாதிரி செய்தேன். மேசை மேல் வைத்துக் கையால் சுற்றும் அளவு. இப்போது நன்றாக ஓடுகிறது. செய்த விதத்தையும், எங்கெங்கே முரண்டு பிடித்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். பள்ளியிலோ வீட்டிலோ யாராவது செய்ய நினைத்தால் உதவும்.

எழுத்தைத் திரும்பப் போடும் தொல்லை

கையால் கோர்க்கும் முறையில் கம்பாசிட்டர், அதாவது எழுத்துக் கோர்ப்பவர், கேஸ் என்ற கட்டம் போட்ட பெட்டியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக எடுத்து ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் அடுக்குவார். அச்சடித்து முடித்ததும் மை போகக் கழுவி, வரிவரியாகக் கையில் எடுத்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் கட்டத்தில் போட வேண்டும். ஆஃப்செட் வரும்வரை நம் ஊர் அச்சகங்களிலும் இதே கதைதான். தினசரிப் பத்திரிகைக்கு இது இரட்டிப்புச் சுமை. இன்றைக்குக் கோர்த்ததைப் பிரித்துப் போட்டால்தான் நாளைக்குக் கோர்க்க எழுத்து இருக்கும்.

1840-இல் யங், டெல்காம்ப்ர் இருவரும் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற இயந்திரம் பியானோ மாதிரி சாவிகள் கொண்டது. அதைச் செய்து முடிக்க உதவியவர், பின்னாளில் எஃகுத் தயாரிப்பில் பெயர் பெற்ற ஹென்றி பெஸ்ஸெமர். சாவிப்பலகையில் பெண்களை உட்கார வைத்தார்கள், கம்பாசிட்டர்கள் கொதித்தார்கள். இயந்திரம் எழுத்தைச் சரிவில் உருட்டி வரிசையில் கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் வரியின் நீளத்தைச் சமப்படுத்த இன்னொரு ஆள் தேவை. பிரித்துப் போடுவதும் ஆள் கையால்தான்.

1870-களில் லண்டன் டைம்ஸ் பத்திரிகை காஸ்டன்பைன் இயந்திரத்துக்கு வந்தது. அங்கேயும் பிரித்துப் போடுவதுதான் முட்டுக்கட்டை. பின்னாளில் ஃபிரெடெரிக் விக்ஸின் சுழல் வார்ப்பு இயந்திரம் கிடைத்தபோது, பிரிப்பதையே விட்டுவிட்டு, பழையதை உருக்கிப் புது எழுத்து வார்த்துக்கொள்ளும் வழி திறந்தது. பணமும் இடமும் உள்ள பெரிய பத்திரிகைக்குச் சரி, எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

அமெரிக்காவில் தார்ன் இயந்திரம் இன்னும் கெட்டிக்காரத்தனமாக யோசித்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உருளைகள், சுற்றிலும் செங்குத்துத் தடங்கள். ஒவ்வோர் எழுத்தின் உடம்பிலும் அதற்கே உரிய வெட்டுகள் இருக்கும். மேல் உருளை ஒவ்வொரு தடமாக நகர்ந்து நிற்க, வெட்டு பொருந்தும் தடத்தில் மட்டும் எழுத்து கீழே இறங்கும். பூட்டுக்குச் சாவி பொருந்துவது போல. ஆனால் வெட்டு போட்டது மென்மையான ஈயக் கலவை எழுத்தில். அது தேயும், நசுங்கும், உடையும். வரியைச் சமப்படுத்த அங்கேயும் தனி ஆள் வேண்டும். ஜேம்ஸ் பெய்ஜ் செய்த இயந்திரம் கோர்ப்பது, சமப்படுத்துவது, பிரிப்பது எல்லாவற்றையும் தானே செய்தது. சுமார் 18,000 உறுப்புகள். எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் தன் செல்வத்தைக் கொட்டியது அதில்தான். 1894-இல் சிகாகோ ஹெரால்டு அச்சகத்தில் வைத்துப் பார்த்தபோது பழுது ஓயவில்லை, திட்டமும் அத்தோடு நின்றது.

இவர்கள் எல்லோரும் ஈய எழுத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். மெர்கென்தாலர் ஈய எழுத்தைச் சுற்றவிடவே இல்லை. ஜெர்மனியில் கடிகார வேலை பழகி, 1872-இல் அமெரிக்கா போய், பால்டிமோரில் பட்டறை நடத்தியவர் அவர். அவருடைய இயந்திரத்தில் சுற்றுவது மேட்ரிக்ஸ். அதாவது எழுத்தின் குழி வடிவம் பதித்த சின்னப் பித்தளைத் தகடு. தகடுகள் வரிசையாக நின்றதும் அவற்றின் மேல் உருகிய உலோகம் பாய்ந்து முழு வரியும் ஒரே கட்டியாக வார்க்கப்படுகிறது. அச்சடித்ததும் அந்தக் கட்டி உலைக்குத் திரும்புகிறது. பித்தளைத் தகடுகளோ வார்த்த மறுகணமே மேலே தூக்கப்பட்டு, எழுத்துக்கொரு தடமாக அவை தங்கும் மேகஸினுக்குத் திரும்புகின்றன. தேயக்கூடிய ஈயம் ஒரு பக்கம், எளிதில் தேயாத பித்தளை ஒரு பக்கம். 1886 ஜூலை 3 அன்று நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் இது வேலைக்கு வந்தது. அந்த முதல் ரகம் காற்றை ஊதித் தகடுகளைத் தள்ளியது. தகடு தன் எடையால் சரியும் ரகம் சில ஆண்டுகளில் வந்து நிலைத்தது.

வார்ப்புப் பகுதியை நான் தொடவே இல்லை. ஈயம் ஏறத்தாழ 84 பங்கு, ஆன்டிமனி 12, தகரம் 4 என்று கலந்து, 280 டிகிரி செல்சியஸ் பக்கமாகச் சூடாக்கி வைக்கும் கலவை அது. வீட்டில், அதுவும் பிள்ளைகள் வந்துபோகும் இடத்தில், செய்யக்கூடிய வேலை அல்ல.

பல்லும் பட்டையும்

லைனோடைப்பின் உச்சியில் ஒரு நீளமான தண்டு. அதன் இரு பக்கமும் நீளவாக்கில் ஏழேழு பட்டைகள் ஓடுகின்றன. மேட்ரிக்ஸின் தலையில் வி வடிவ வெட்டு, அதன் இரு சரிவிலும் ஏழேழு பற்களுக்கு இடம். எழுத்துக்கு ஏற்பச் சில பற்கள் இருக்கும், சில நீக்கப்பட்டிருக்கும். மிச்சமிருக்கும் பற்களால் தகடு தண்டில் தொங்கிக்கொண்டே நகர்கிறது. தண்டுக்குக் கீழே மேகஸின் தடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல். தண்டில் ஒவ்வொரு வாசலுக்கு மேலேயும் சில பட்டைகள் மட்டும் வெட்டப்பட்டிருக்கும். ஒரு தகட்டின் எல்லாப் பற்களுக்கும் கீழே பட்டை இல்லாத இடம் வந்ததும் தகடு விழுகிறது. ஒரே ஒரு பல்லுக்குப் பட்டை இருந்தாலும் தொங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகிறது.

ஏழு பட்டை என்றால் 128 சேர்க்கைகள். மேகஸினில் 90 தடங்கள்தான், அதனால் போதும் போதும் என்ற அளவு. எனக்கு நான்கு பட்டை போதும் என்று முடிவு செய்தேன். பல்லே இல்லாத தகடு தொங்காது, அதைக் கழித்தால் 15 சேர்க்கைகள். நான்கு பல்லும் முழுசாக உள்ள தகடு எந்த வாசலிலும் விழாமல் தண்டின் கடைசிவரை போய்ச் சேரும். அசலிலும் அப்படித்தான். அபூர்வமாக வரும் குறிகளுக்கு மேகஸினில் தனித் தடம் கிடையாது. அவற்றுக்குப் பல் முழுசாக விட்டுவிட்டார்கள். அவை கோடிவரை போய் ஒரு குழாய் வழியாக ஆபரேட்டர் பக்கம் வந்து விழும். ஆக எனக்கு 14 எழுத்து, ஒரு கடைக்கோடிக் குறி. லைனோடைப் சாவிப்பலகை அடிக்கடி வரும் எழுத்தில் தொடங்கி இறங்கு வரிசையில் போகும். பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் தவறி அச்சாகிவிடும் ‘எடாயின் ஷ்ருட்லு’ அந்தச் சாவிப்பலகையின் முதல் இரண்டு செங்குத்து வரிசைதான். அதே வரிசையில் முதல் 14 எழுத்தை எடுத்துக்கொண்டேன்.

எந்த எழுத்துக்கு எந்தப் பல் என்று தீர்மானிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் பல் மட்டும் உள்ள தகடும், முதல் இரண்டு பற்கள் உள்ள தகடும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பட்டைகளும் வெட்டப்பட்ட வாசல் முன்னால் வந்துவிட்டால், ஒற்றைப் பல் தகடும் அங்கேயே விழுந்துவிடும். அதனால் குறைந்த பல் உள்ளதன் வாசல் முன்னால் வர வேண்டும். இதற்கு எளிய வழி, வாசல் எண்ணை இரும எண்ணாக எழுதி அதையே பல் வரிசையாக வைப்பது. ஒரு சேர்க்கைக்குள் அடங்கும் சிறிய சேர்க்கை எப்போதும் சிறிய எண்ணாகத்தான் இருக்கும், எனவே அதன் வாசல் தானாகவே முன்னால் வந்துவிடும்.

ஆறாவது வாசலை எடுத்துக்கொள்வோம். அந்தத் தகட்டில் இரண்டாம் பல்லும் மூன்றாம் பல்லும் மட்டும். இரண்டாம் வாசலில் இரண்டாம் பட்டை இல்லை, மூன்றாவது தாங்குகிறது. நாலாம் வாசலில் மூன்றாம் பட்டை இல்லை, இரண்டாவது தாங்குகிறது. ஐந்தாம் வாசலில் ஒன்றும் மூன்றும் இல்லை, அப்போதும் இரண்டாவது விடவில்லை. ஆறில் இரண்டும் மூன்றும் சேர்ந்து இல்லாமல் போகின்றன, டக்கென்று இறங்குகிறது. வெட்டி வந்த பட்டைகளை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தால் இரும வாய்ப்பாடு அப்படியே ஓரத்து வெட்டுகளாகத் தெரிகிறது. முதல் பட்டையில் ஒன்று விட்டு ஒன்று, இரண்டாவதில் இரண்டு இரண்டாக, மூன்றாவதில் நான்கு நான்காக.

தண்டு

தண்டைக் கடைசல் வேலை இல்லாமல் செய்ய அடுக்கு முறைதான் சுலபம். 3 மி.மீ. அக்ரிலிக்கில் நான்கு பட்டைகள், அவற்றுக்கு நடுவே 5 மி.மீ. அக்ரிலிக்கில் ஒடுக்கமான இடைத் துண்டுகள். எல்லாம் லேசரில் வெட்டியவை. பட்டையை வாசலுக்கு வாசல் முழுசாகத் துண்டாக்கத் தேவையில்லை. இரு ஓரத்திலும் இடைத் துண்டின் அகலம்வரை உள்வாங்கி வெட்டினால் போதும், பட்டை ஒரே துண்டாக நிற்கும். மேலிருந்து 34, 28, 22, 16 மி.மீ. அகலம். இரண்டு திருகாணிகள் எல்லா அடுக்கையும் ஊடுருவி மேலே ஒரு தகட்டில் பிடிக்கின்றன. மேட்ரிக்ஸின் வெட்டு மேல்பக்கம் திறந்திருப்பதால் தண்டை மேலிருந்தே தொங்கவிட முடிகிறது, நகரும் தகட்டுக்கு எதுவும் குறுக்கே வராது.

வெட்டு ஏன் வி வடிவத்தில் இருக்கிறது என்பது இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. பக்கங்கள் நேராக இருந்தால், முதல் பட்டையிலிருந்து நழுவிய பல் கீழே இருக்கும் இரண்டாம் பட்டையில் மாட்டிக்கொள்ளும். கீழே போகப் போகத் தண்டு ஒடுங்கினால், ஒரு பல் தன் பட்டையை விட்டதும் அதற்குக் கீழே எதுவுமே தடையாக இருக்காது. என் அளவில் பல் தன் பட்டைமேல் 2 மி.மீ. உட்கார்கிறது, அடுத்த பட்டையை 1 மி.மீ. இடைவெளியில் தாண்டுகிறது. அந்த 1 மி.மீ. இல்லாவிட்டால் இந்த இயந்திரமே இல்லை. படம் வரையும்போது முதலில் இதை உறுதி செய்துகொண்டுதான் மற்ற அளவுகளுக்குப் போக வேண்டும்.

வாசல் ஒன்றுக்கு 14 மி.மீ. அதில் வெட்டு 10, மீதி 4 மி.மீ. முழுப் பட்டை. ஒரு வாசலில் தாங்கிய பட்டை அடுத்த வாசலில் இல்லாமல் போகலாம். அந்தக் கைமாற்றம் இந்த 4 மி.மீட்டரில்தான் நடக்கிறது. தகட்டின் கனத்தைவிட இது அதிகமாக இருக்க வேண்டும்.

தகடுகள்

முதல் தொகுதித் தகடுகளை அக்ரிலிக்கில் வெட்டினேன். வடிவம் சரிபார்க்க அது நல்லது, விலையும் குறைவு. ஓட்டிப் பார்த்தால் சில தகடுகள் வாசலுக்கு மேலே பட்டையே இல்லாமல் அந்தரத்தில் நின்றன. உரசிக்கொண்டே போவதால் அக்ரிலிக்கில் நிலைமின் ஏற்றம் சேர்ந்து, எடை குறைந்த தகடு பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் கொஞ்ச நேரம் சரியாகும், அப்புறம் மறுபடியும் அதே கதை.

எனவே 2 மி.மீ. பித்தளைத் தகட்டுக்கு மாறினேன். ஒயர் கட்டிங் பட்டறையில் எல்லாத் தகட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, எட்டுப் பல்லும் உள்ள முழு வடிவில் ஒரே வெட்டாக வெட்டித் தந்தார்கள். வேண்டாத பற்களை நான் ஊசி அரத்தால் நீக்கினேன். ஒரு பல்லை நீக்கினால் எதிர்ப்பக்கத்துப் பல்லையும் நீக்க வேண்டும், இல்லையென்றால் தகடு ஒரு பக்கம் மட்டும் தொங்கிச் சாய்ந்து இறுகிவிடும்.

பித்தளை வந்ததும் அந்தரத்தில் நிற்பது போயிற்று. வேறொன்று தலைகாட்டியது. ஐந்தாம் வாசல் தாண்டும் இடத்தில் ‘என்’ எழுத்தின் தகடு மட்டும் முட்டிக்கொண்டு நின்றது. வெர்னியர் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் பல் இரண்டு மயிரிழை உயரமாக இருந்தது. இரண்டு பல் தாங்கும்போது தெரியாது. ஒரு பல்லின் பட்டை முடிந்து, தகடு மற்றப் பல்லின்மேல் மட்டும் நிற்கும்போது அந்த வித்தியாசம் அளவுக்குக் கீழே தாழ்கிறது. பட்டை திரும்பத் தொடங்கும் இடத்தில் பல்லின் நுனி அதன் முகத்தில் இடிக்கிறது. பற்களைச் சமன் செய்தேன், அதோடு ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் பட்டையின் முனையை அரத்தால் லேசாகச் சரித்துவிட்டேன். தாழ்ந்து வரும் பல் சரிவில் ஏறிக்கொள்கிறது. கடைசியாக 600 நம்பர் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. பல் வளைந்தாலோ தேய்ந்தாலோ அசல் இயந்திரத்திலும் தகடு வழிதவறும், மெக்கானிக்குகள் அதற்காகவே பற்களைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள்.

தள்ளும் திருகுகள்

அசலில் மூன்று நீளத் திருகுகள் பல்சக்கரங்களால் இணைந்து சேர்ந்தே சுழன்று தகடுகளைத் தள்ளுகின்றன. திருகின் ஒரு புரிக்குள் ஒரு தகடு. இதன் பயன் செய்து பார்க்கும்போது நன்றாகத் தெரிகிறது. தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டித் தள்ளினால், முன்னும் பின்னும் உள்ளவை நடுவில் உள்ளதை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும், அது விழாது. தனித்தனிப் புரியில் இருந்தால் ஒவ்வொன்றும் தன் போக்கில் விழலாம். புரிக்கு ஒன்றாக ஏற்றிவிட, தண்டின் தொடக்கத்தில் ஒரு தூக்கி இருக்கிறது. என் மாதிரியில் அந்த வேலையைக் கைதான் செய்கிறது.

நான் இரண்டு திருகோடு நிறுத்திக்கொண்டேன், பக்கத்துக்கு ஒன்று. கடையில் கிடைக்கும் மரைக்கம்பியின் புரி மிக நெருக்கம், தகடு உள்ளே போகாது. 8 மி.மீ. இரும்புக் கம்பியில் 12 மி.மீ. இடைவெளியில் சாய்கோடு வரைந்த காகிதத்தை ஒட்டி, கோட்டின் மேலேயே 2 மி.மீ. செம்புக் கம்பியைச் சுற்றி, அங்கங்கே காகிதத்தில் துளையிட்டுப் பற்றவைத்தேன். ஒன்று வலச்சுற்று, மற்றது இடச்சுற்று. இரண்டு சம அளவுப் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் சுழற்றுகின்றன. இப்படி வைத்தால் இரண்டு திருகின் உள்பக்கமும் கீழ்நோக்கி உரசும், தகடு விழ அது உதவியாகவே இருக்கும். ஒரே பக்கமாகச் சுழலவிட்டால் ஓர் ஓரத்தைத் தூக்கி மறு ஓரத்தை அழுத்தித் தகட்டைச் சாய்த்துவிடும்.

இரண்டு புரியும் ஒரே நேர்கோட்டில் இருப்பது முக்கியம். சக்கரத்தை ஒரு பல் தள்ளிப் பூட்டினால்கூடத் தகடு கோணலாகிப் பட்டையில் இறுகுகிறது. சரியான நிலையில் வைத்துச் சக்கரங்களில் மார்க்கரால் ஒரு புள்ளி போட்டிருக்கிறேன். கழற்றி மாட்டும்போது இரண்டு புள்ளியும் சேர்ந்தால் போதும்.

வேகத்தைப் பொறுத்தவரை கவலையே இல்லை. தகடு 5 மி.மீ. விழ ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்குதான் ஆகிறது. கையால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் வாசலைத் தாண்டிப் போவதில்லை. கலைத்துப் போட்ட 15 தகடுகளை வரிசையாக மாட்டிச் சுற்றினால் ஒவ்வொன்றாக டக் டக்கென்று அதனதன் இடத்தில் விழுகின்றன, கடைக்கோடிக் குறி மட்டும் நேராகப் போய் டப்பாவில் சேர்கிறது. பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, உள்ளே ஏதாவது சென்சார் இருக்கிறதா என்பதுதான்.

வாசல் நிரம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கவனிக்க வேண்டும். கீழே இடமில்லாமல் தகடு பாதியில் நின்றால், பின்னால் வரும் புரி அதை வளைத்துவிடும். அசலில் தடை ஏற்பட்டதும் கிளட்ச் விலகித் திருகுகள் நின்றுவிடும். கைப்பிடி, சக்கரம் இரண்டுக்கும் நடுவே நான் ஒரு ரப்பர் வாஷரை வைத்து உராய்வில் மட்டும் பிடிக்கும்படி செய்திருக்கிறேன். தடை வந்தால் கைப்பிடி வழுக்கிச் சுற்றும், பித்தளை தப்பிக்கும்.

இடைவெளி ஆப்பு

சொற்களுக்கு நடுவே விழும் இடைவெளி இந்தத் தண்டுக்கு வருவதில்லை. அது இரண்டு ஆப்புகள் ஒன்றோடொன்று சறுக்கும் எஃகுத் துண்டு. வரி நிறைந்ததும் கீழிருந்து தள்ளினால் எல்லா ஆப்பும் சேர்ந்து தடித்து வரியை இறுக்கிச் சமப்படுத்தும். யங், தார்ன் இயந்திரங்களில் தனி ஆள் செய்த வேலையை அது செய்தது. இந்த இரட்டை ஆப்பின் காப்புரிமை ஷக்கர்ஸ் என்பவருடையது, லைனோடைப் நிறுவனம் அதை விலைகொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. வார்ப்பு முடிந்ததும் தகடுகள் மேலே போக, பல் இல்லாத ஆப்புகள் கீழேயே தங்கி வேறு வழியாகத் தங்கள் பெட்டிக்குப் போய்விடும். மரத்தில் ஒரு ஜோடி செய்து பார்த்தேன், சறுக்கும் முகத்தில் மெழுகு தடவினால் நன்றாகவே வேலை செய்கிறது.

அடுத்து ஐந்தாவது பட்டையைச் சேர்க்கும் வேலை நடக்கிறது. 31 சேர்க்கைகள் கிடைக்கும், ஆங்கிலச் சிற்றெழுத்து 26-க்கும் சில நிறுத்தற்குறிகளுக்கும் போதும். வாசல்கள் இரட்டிப்பதால் தண்டு 43 சென்டிமீட்டரைத் தாண்டும். அந்த நீளத்துக்கு அக்ரிலிக் நடுவில் தொய்யும் என்பதால் பட்டைகளையும் பித்தளைக்கு மாற்றி, மேல் தகட்டில் நான்கு இடத்தில் பிடிக்கப் போகிறேன். திருகுக்கு 10 மி.மீ. கம்பி.